மூன்று வோல்ட் மின் நிலையம்

தாம்பரத்தை ஒட்டி ஒரு மின்சார ஆபீஸ் இருந்தது. எந்த ஆபீஸ் என்று சொல்ல மாட்டேன். பயம் ஒன்றும் இல்லை. என்னுடைய மனு ஒன்றும் அங்கே கிடக்கிறது, அவ்வளவுதான். அந்த ஆபீசில் பட்டப்பகலிலும் எல்லா பல்பும் எரியும். மனு கொடுக்க வருகிறவர்கள் அண்ணாந்து பார்த்து, மின்சாரம் என்றால் இப்படித்தான் இருக்கும்போல என்று தெரிந்துகொண்டு, வீட்டுக்குப் போய் அரிக்கேன் கண்ணாடியைத் துடைப்பார்கள்.

நான் சொல்லவந்தது லாசரஸ் வாத்தியாரைப் பற்றி. மிஷன் பள்ளிக்கூடம் ஒன்றில் எட்டாம் வகுப்புக்கு சயின்ஸ் எடுத்தவர். சிட்லபாக்கம் ஏரிப் பக்கம் மனை வாங்கி, ஓட்டு வீடு ஒன்று கட்டி, மனைவி ரத்தினபாயோடு அறுபத்தாறில் குடிவந்தார். பிள்ளைகள் இல்லை. குடிவந்த வாரமே கரண்டுக்கு மனு கொடுத்தார். சீக்கிரமே வாசலில் கம்பம் நட்டுவிட்டார்கள். கம்பிதான் வரவில்லை. கம்பியைப் பற்றிக் கேட்டால் கம்பம் இருப்பதை ஞாபகப்படுத்துவார்கள். ரத்தினபாய் அந்தக் கம்பத்தில் கொடி கட்டித் துணி காயப்போட்டாள்.

அவருக்குக் கரண்டு அவசரமாகத் தேவைப்பட்டது. ஃபேனுக்காகவோ ரேடியோவுக்காகவோ இல்லை. ரத்தினபாய்க்குப் பொழுது சாய்ந்தால் கண் தெரியாது. முதலில் மாலைக்கண் என்று நினைத்து முருங்கைக்கீரையும் ஆட்டு ஈரலுமாகத் தின்னவைத்தார்கள். பிறகு எழும்பூர் கண் டாக்டர் பார்த்துவிட்டு, "இது வேற வியாதி. பார்வை ஓரத்துல இருந்து சுருங்கிக்கிட்டே வரும். மருந்து கிடையாது. நல்ல வெளிச்சத்துல வெச்சிருங்க, இருக்கிற வரைக்கும் பார்த்துக்கலாம்" என்றார். லாசரஸ் இந்தக் கடைசி வாக்கியத்தை மட்டும் எடுத்துக்கொண்டு நேரே மின்சார ஆபீசுக்குப் போனார். "டாக்டர் சொல்றது டாக்டருக்கு, ரூல் சொல்றது எங்களுக்கு" என்று பதில் வந்தது. வரிசைப்படிதான் இணைப்பு. வரிசை எங்கே இருக்கிறது என்று கேட்டதற்கு, அது நகர்ந்துகொண்டிருப்பதாகச் சொன்னார்கள்.

ஒருநாள் அந்தி நேரத்தில் சோறு வடிக்கும்போது கொதிக்கும் கஞ்சியைக் கையிலேயே ஊற்றிக்கொண்டாள் ரத்தினபாய். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை தோல் வழன்றுவிட்டது. அரிக்கேன் பக்கத்திலேதான் எரிந்துகொண்டிருந்தது. ஆனால் அவளுடைய நிழலே பானைமேல் விழுந்து, வடிதட்டின் விளிம்பு தெரியவில்லை.

லாசரஸ் அந்த ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகாமல் வீட்டிலேயே உட்கார்ந்தார். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வருஷா வருஷம் செய்துகாட்டுகிற மின்சுற்றுதான். இரண்டு டார்ச் செல்லை ஒன்றன் தலையில் ஒன்று வைத்து, காலண்டர் அட்டையால் இறுக்கிச் சுருட்டினார். பழைய சைக்கிள் டைனமோவிலிருந்து ஒயர். தீர்ந்துபோன நூல்கண்டின் மரக்கட்டை ஓட்டையில் டார்ச் பல்பைத் திருகினார். சாக்பீஸ் பெட்டிப் பலகையில் இரண்டு ஆணி அடித்து, பிஸ்கட் டின் மூடியில் வெட்டிய தகரத் துண்டு ஒன்றை அவற்றின்மேல் அழுந்தும்படி வைத்தார். அதுதான் சுவிட்ச். வெளிச்சம் சிதறாமல் இருக்க பல்புக்குப் பின்னால் ஒரு குழிக்கரண்டி. கரண்டியின் காம்பை வளைத்து அடுப்புக்கு மேலே சுவரில் அடித்தார்.

"குழம்பு எதுல ஊத்துறது?" என்று கேட்டாள் ரத்தினபாய்.

"டம்ளர்ல ஊத்து."

தகரத்தை அழுத்தியதும் பானை வாயில் சரியாக ஒரு வட்டம் வெளிச்சம் விழுந்தது. அவள் வடிதட்டை வைத்து, துணியைப் பிடித்து, பானையைச் சாய்த்துக் கஞ்சி வடித்தாள். ஒரு சொட்டுகூட வெளியே போகவில்லை. முடிந்ததும் உடனே அணைத்தாள். செல் தீர்ந்துவிடக் கூடாதே. அப்படியாக, சோறு வடிக்கும் நேரத்துக்கு மட்டும் அந்த வீட்டில் மின்சாரம் இருந்தது. இரண்டு பேரும் அதில் சந்தோஷமாகத்தான் இருந்தார்கள்.

வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டது டிசம்பரில். ஒவ்வொரு வருஷமும் வாசலில் காகித நட்சத்திரம் கட்டுவார்கள். அதற்குள் மெழுகுவத்தி வைத்துப் போன வருஷம் நட்சத்திரமே எரிந்துபோயிற்று. "ஒரு வாரத்துக்கு அந்த பல்பை ஸ்டாருக்குள்ள வையுங்களேன். இருட்டு வீடுன்னு கரோல் பாட வர்றவங்க தாண்டிப் போயிடறாங்க" என்றாள் ரத்தினபாய். அவரும் வைத்தார்.

மறுநாள் சாயங்காலம் லைன் இன்ஸ்பெக்டர் பொன்னுரங்கம் சைக்கிளில் அந்த வழியாக வந்தார். அதே ஊர்க்காரர். லாசரஸ் வீடு கட்டியிருந்த இடத்தில் ஒருகாலத்தில் பொன்னுரங்கத்தின் அப்பா கத்தரிக்காய் போட்டிருந்தார். நட்சத்திரத்தைப் பார்த்தவர் சைக்கிளை நிறுத்திவிட்டு, கம்பத்தைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், மறுபடியும் கம்பத்தைப் பார்த்தார்.

"இன்னா சார் இது, நம்ம ஆபீசுக்கே தெரியாம கரண்டு வந்துகீது?"

"கரண்ட் வரலை. இங்கேயே உண்டாகுது" என்றார் லாசரஸ்.

அங்கேதான் தப்பு. இது பேட்டரி, விளையாட்டுச் சாமான் என்று சொல்லி ஒரு டம்ளர் காபி கொடுத்து அனுப்பியிருக்கலாம். இருபது வருஷம் பாடம் நடத்திய வாய் சும்மா இருக்குமா? சுற்றைக் கழற்றி முன்னால் பரப்பி, "மின்சாரம் இந்த செல்லுக்குள்ள உற்பத்தி ஆகுது. இந்த ஒயர் வழியா பல்புக்குப் போகுது. பல்புல வேலை செஞ்சுட்டு இந்த வழியாத் திரும்பி வருது. இதுதான் மின்சுற்று. எங்கே, திருப்பிச் சொல்லுங்க பார்ப்போம்" என்றார். பொன்னுரங்கம் திருப்பிச் சொன்னார். அதோடு நிற்காமல் மறுநாள் ஆபீசிலும் போய்ச் சொன்னார்.

ஒரு வாரத்தில் கூப்பிட்டு அனுப்பினார்கள். ஜூனியர் இன்ஜினியர் தட்சிணாமூர்த்தி நல்ல மனிதர். உட்காரச் சொன்னார்.

"மிஸ்டர் லாசரஸ், உங்க மனுவில வீட்ல வெளிச்சம் இல்லைன்னு எழுதியிருக்கீங்க. எங்க ஸ்டாஃப் வெளிச்சத்தைப் பார்த்திருக்கார். வெளிச்சம் இருக்கிற வீட்டுக்கு வெளிச்சம் இல்லைன்னு இணைப்பு கொடுத்தா ஆடிட்ல என்னைக் கேப்பான்."

"சார், அது ரெண்டு டார்ச் செல். சோறு வடிக்கிறதுக்கு."

"உற்பத்தின்னு நீங்கதான் சொன்னீங்களாம்."

"உற்பத்திதான் சார். கெமிக்கலா..."

"பாத்தீங்களா!" என்று தட்சிணாமூர்த்தி வருத்தத்தோடு நாற்காலியில் சாய்ந்தார். "இப்ப உங்க வீடு எங்களுக்கு வீடு இல்லை சார். தனியார் மின் உற்பத்தி நிலையம். நிலையத்துக்கு நான் எப்படி வீட்டு இணைப்பு கொடுப்பேன்? என் கஷ்டத்தையும் கொஞ்சம் யோசிங்க."

லாசரஸ் யோசித்தார். என்ன செய்யலாம் என்று அவரிடமே கேட்டார். வழி சுலபம் என்றார் தட்சிணாமூர்த்தி. முதலில் அதை நிலையமாக முறைப்படி அங்கீகரிக்க வேண்டும். அங்கீகாரம் இல்லாத நிலையத்தை மூட முடியாது. அங்கீகரித்த பிறகு மூடிவிட்டால், மறுபடியும் வீடாகிவிடும். வீடானதும் வரிசையில் வந்துவிடும்.

"ஆகட்டும் சார்" என்றார் லாசரஸ்.

எனக்கு இதை எழுதும்போதே பற்றிக்கொண்டு வருகிறது. அவருக்கு அன்றைக்குக் கோபம் வரவில்லை என்பதுதான் ஆச்சரியம். மத்தியான வெயிலில் தண்டவாளத்தை ஒட்டி நடந்தே வந்தார். பக்கத்தில் மின்சார ரயில் கம்பியில் பொறி பறக்கப் போயிற்று. அதை அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை என்று பொன்னுரங்கம் பிறகு சொன்னார்.

அங்கீகாரத்துக்கான ஏற்பாடுகள் தொடங்கின. மின் நிலையம் என்றால் எச்சரிக்கைப் பலகை வேண்டும். மண்டை ஓடும் எலும்பும் போட்ட இரும்புப் பலகை ஒன்றைக் கொண்டுவந்து அடுப்புக்கு மேலே மாட்டினார்கள். ஊர் டிரான்ஸ்பார்மருக்குச் செய்த பலகை என்பதால் சமையலறைச் சுவரில் பாதியை அடைத்துக்கொண்டது. ரத்தினபாய் நிமிரும்போதெல்லாம் அதில் தலையை இடித்துக்கொண்டாள். "அபாயம்னு போட்டிருக்குன்னு சொன்னீங்களே, உண்மைதாங்க" என்று சிரித்தாள்.

பிறகு வேலி. பொதுமக்கள் யாரும் செல்லைத் தொட்டுவிடக் கூடாது என்பதால் அதைச் சுற்றி முள்கம்பி கட்டினார்கள். அந்த வீட்டில் இருந்த பொதுமக்கள் ரத்தினபாய் ஒருத்திதான். அவள் கம்பிக்கு இடையில் விரலை விட்டுத் தகரத்தை அழுத்தக் கற்றுக்கொண்டாள். ஒன்றிரண்டு முறை கீறிக்கொண்ட பிறகு பழகிவிட்டது.

வேலிக்குப் பிறகு மீட்டர். உற்பத்தி ஆகும் மின்சாரத்தை அளந்தே ஆக வேண்டும். தேங்காய் அளவுக்கு ஒரு மீட்டரைச் சுற்றுக்கு நடுவில் இணைத்துவிட்டுப் போனார் பொன்னுரங்கம். அந்த மீட்டர் ஊரெல்லாம் எரிகிற மின்சாரத்துக்குச் செய்தது. மூன்று வோல்ட்டை அது மதிக்கவே இல்லை. மாதக் கடைசியில் பார்த்தால் சக்கரம் ஒரு நூல் நகரவில்லை.

லாசரஸை மறுபடியும் கூப்பிட்டார்கள்.

"விளக்கு எரியுது, மீட்டர் ஓடலை. இதுக்கு ஆபீஸ்ல ஒரே அர்த்தம்தான் சார்" என்றார் தட்சிணாமூர்த்தி. "மின் திருட்டு."

"யார்கிட்ட இருந்து சார் திருடினேன்?"

தட்சிணாமூர்த்தி இதை எதிர்பார்க்கவில்லை. பேனாவைக் கடித்துக்கொண்டே கேட்டார். "உற்பத்தி பண்றது யாரு?"

"நான்தான்."

"அப்ப உங்ககிட்ட இருந்துதான். பாதிக்கப்பட்டவர்ங்கிற முறையில நீங்க ஒரு புகார் கொடுத்துடுங்க. அப்புறம் குற்றவாளிங்கிற முறையில ஒரு மன்னிப்பு எழுதிக் கொடுங்க. பாதிக்கப்பட்டவர் மன்னிச்சுட்டதா இன்னொண்ணும் எழுதிட்டா நாங்க மேற்கொண்டு போக மாட்டோம்."

லாசரஸ் மூன்றையும் அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து எழுதிக் கொடுத்தார். மன்னிக்கிற இடத்தில் கொஞ்சம் தயங்கினாராம். எழுதி முடித்ததும் தட்சிணாமூர்த்தி அவர் கையைப் பிடித்துக் குலுக்கி, "பெரிய மனசு சார் உங்களுக்கு" என்றார்.

இதற்குள் கிறிஸ்துமஸ் ஒன்று போய் இன்னொன்று வந்துவிட்டது. டிவிஷனல் இன்ஜினியர் லக்ஷ்மிநாராயணன் நேரில் பார்வையிட வந்தார். சிட்லபாக்கத்தின் அந்தப் பகுதி முழுவதும் ஒளி பெற்றுவிட்டது என்று மேலிடத்துக்குச் சொல்ல வேண்டியிருந்தது. அதற்குத் தடையாக இருந்தது அந்த ஒரு வீடுதான். மற்ற வீடுகளுக்கு எப்போது கம்பி போட்டார்கள் என்று கேட்காதீர்கள். லாசரஸ் வீடு மின் நிலையமாக இருந்த சமயத்தில் வரிசை நிஜமாகவே நகர்ந்திருந்தது.

லக்ஷ்மிநாராயணன் சமையலறை வாசலில் நின்று பேசினார். கேட்டவர்கள் நான்கு பேர். அவர் நானூறு பேருக்குப் பேசினார்.

"மின்சாரம் என்பது வெறும் வெளிச்சம் அல்ல. வெளிச்சத்தை யார் வேண்டுமானாலும் தரலாம். சூரியன் தருகிறது. ஆனால் அதற்கு என்ன கட்டுப்பாடு இருக்கிறது? காலையில் தானாக வருகிறது, ஏழை பணக்காரன் பாராமல் எல்லார் வீட்டிலும் நுழைகிறது, யாருடைய மனுவையும் பார்ப்பதில்லை. நாங்கள் அப்படிப்பட்டவர்கள் அல்ல! ஒரு இணைப்பு கொடுப்பதற்கு முன்னால் எங்கள் ஆபீசில் பதினோரு பேர் யோசிக்கிறோம். கொடுத்துவிட்டால் பிறகு யோசிக்க என்ன இருக்கிறது? ஆகவேதான் முன்னாலேயே நிதானமாக யோசித்துவிடுகிறோம். பொதுமக்கள் இருட்டில் இருக்கும்வரைதான் எங்களுடைய சேவை அவர்களுக்குத் தேவைப்படுகிறது என்பதை நாங்கள் ஒருநாளும் மறந்ததில்லை."

பொன்னுரங்கம் கை தட்டினார். நிலையத்தை மூட அங்கேயே உத்தரவாயிற்று. செல், நூல்கண்டுக் கட்டை, தகரம், ஒயர், கரண்டி எல்லாவற்றையும் சாக்குத் துணியில் கட்டி அரக்கு முத்திரை வைத்து எடுத்துப்போனார்கள். முள்கம்பியையும் மீட்டரையும் மறக்காமல் கழற்றிக்கொண்டார்கள். கரண்டியையாவது விட்டுவிட்டுப் போகும்படி லாசரஸ் கேட்டார். அது நிலையத்தின் பாகம் என்றார்கள்.

இணைப்பு அடுத்த வாரம் வரும் என்றார்கள். கோடை போய் அடுத்த ஐப்பசி மழையும் வந்தது. ஏரி நிரம்பித் தண்ணீர் வாசல்வரை வந்து திரும்பிப் போயிற்று. இணைப்பு வரவில்லை. லாசரஸ் புதிதாக இரண்டு செல் வாங்கி இன்னொரு சுற்று செய்திருக்கலாம்; கால் மணி நேர வேலை. செய்தால் மறுபடியும் வரிசையிலிருந்து தள்ளிவிடுவார்களே என்று பயந்து செய்யவில்லை. பள்ளிக்கூடத்தில் அந்தப் பாடத்தையே அந்த வருஷம் போர்டில் படம் வரைந்து முடித்துவிட்டார்.

அவர் வர வர எதற்கும் அசையாதவராகிவிட்டார். ஆபீசில் நிற்கச் சொன்னால் நின்றார், போகச் சொன்னால் போனார். வீட்டில் ரத்தினபாய் பாட்டுக்கு அரிக்கேன் வெளிச்சத்திலேயே சமைத்தாள். கஞ்சி சிந்தவில்லை. சுவரில் கையை வைத்துக்கொண்டு நடந்தாள். "தெரியுதா?" என்று கேட்டால், "எல்லாம் பழகிடுச்சுங்க" என்பாள். தெரிகிறது என்று அவள் ஒருநாளும் சொல்லவில்லை என்பதை அவர் கவனிக்கவில்லை. முன்னே இருந்த லாசரஸாக இருந்தால் கவனித்திருப்பார்.

தை பிறந்து கம்பியும் வந்தது. கம்பி மட்டுமா, அதோடு ஒரு விழாவும் வந்தது. பகுதியின் கடைசி இணைப்பு என்பதால் லக்ஷ்மிநாராயணனே வந்து தொடங்கிவைப்பதாக ஏற்பாடு. வீட்டுக்கு முன்னால் பந்தல் போட்டு, நாற்காலிகள் வைத்து, கலர் சோடா வாங்கியிருந்தார்கள். வரவேற்புரை, தலைமையுரை, விளக்கேற்றல், கைதட்டல், நன்றியுரை என்று நிகழ்ச்சிநிரலை அச்சடித்தே கொடுத்தார்கள். உரைகள் முடிவதற்குள் பொழுது நன்றாகச் சாய்ந்துவிட்டது. முன்னறையில் புது பல்பு தொங்கியது. சுவிட்சுக்கு மேலே ரோஜாப்பூ நிற ரிப்பன். அரிக்கேனை வெளியே எடுத்துப் போகச் சொன்னார்கள், விழாவுக்கு லட்சணமாக இல்லை என்று.

"வீட்டுக்கு விளக்கேற்ற வந்தவள் இல்லத்தரசி. அம்மையாரே அழுத்தட்டும்" என்றார் லக்ஷ்மிநாராயணன்.

ரத்தினபாய் நல்ல புடவை கட்டியிருந்தாள். லாசரஸ் அவள் கையைப் பிடித்துச் சுவிட்சில் வைத்தார். அவள் அழுத்தினாள். டக் என்று சத்தம் கேட்டது.

பல்பு எரியவில்லை.

ஆனால் நிரலில் அடுத்தது கைதட்டல். பந்தலில் இருந்தவர்கள் தட்டினார்கள். வீட்டுக்குள் இருந்தவர்களும் தட்டினார்கள். இருட்டில் அந்தச் சத்தம் பெரிதாகக் கேட்டது.

ரத்தினபாய் முகத்தை நிமிர்த்தினாள். பல்பு தொங்கிய பக்கம் இல்லை, வெறும் சுவர் இருந்த பக்கம். கண் கூசுகிற மாதிரி கையைப் புருவத்துக்கு மேலே வைத்துக்கொண்டாள்.

"அடேயப்பா, என்னா வெளிச்சம்!" என்றாள். "பகல் மாதிரி இருக்குதுங்க. நீங்க பட்ட கஷ்டத்துக்குக் கடவுள் கண்ணைத் திறந்துட்டாருங்க."

கைதட்டல் நின்றது. தட்சிணாமூர்த்தி லக்ஷ்மிநாராயணன் காதருகே குனிந்து, "சார், கம்பியில இன்னும் சப்ளை விடலை. நாளைக்குத்தான் விடுவாங்களோ என்னமோ" என்றார். லாசரஸுக்கு மட்டும் அது லேசாகக் காதில் விழுந்தது.

"நுகர்வோரே வெளிச்சமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டாரே ஐயா! அதற்கு மேல் உமக்கு என்ன அத்தாட்சி வேண்டும்? இணைப்பு கொடுக்கப்பட்டது, நுகர்வோர் திருப்தி தெரிவித்தார் என்று எழுதும்." லக்ஷ்மிநாராயணன் லாசரஸ் பக்கம் திரும்பினார். "நீங்கள் என்ன சொல்கிறீர்கள், மிஸ்டர் லாசரஸ்?"

லாசரஸ் வாயைத் திறந்தார். பல்பு எரியவில்லை என்று சொல்ல வேண்டும். சொன்னால் அவள் கேட்பாள். மனைவி இருட்டைப் பார்த்து வெளிச்சம் என்று சொன்னதை இத்தனை பேருக்கு முன்னால் எடுத்துக்காட்டியது போல ஆகும். அவருக்காகத்தான் அவள் சொன்னாள் என்பதும், எத்தனை மாதமாக இப்படி இருக்கிறாள் என்பது தனக்குத் தெரியாது என்பதும் ஒரே சமயத்தில் அவருக்குப் புரிந்தன. பொன்னுரங்கம் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டார்.

"ஆமா சார்" என்றார் லாசரஸ். "நல்லா எரியுது."

நன்றியுரை சுருக்கமாக முடிந்தது. சோடா குடித்தார்கள். ஜீப் கிளம்பிப் போயிற்று. பந்தல்காரர்கள் நாற்காலிகளை மடக்கி வண்டியில் ஏற்றும் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டு, பிறகு அதுவும் இல்லை. இரண்டு பேரும் முன்னறையில் உட்கார்ந்திருந்தார்கள்.

"ஏங்க" என்றாள் ரத்தினபாய். "அவங்கதான் போயிட்டாங்களே. லைட்டை அணைச்சிடுங்க. வீணா எதுக்கு எரியணும்?"

லாசரஸ் எழுந்தார். ஒன்றும் தெரியவில்லை. சுவரைத் தடவிக்கொண்டே போய் சுவிட்சைக் கண்டுபிடித்து, அவளுக்குக் கேட்கும்படி அழுத்தினார்.

"அணைச்சிட்டேன்" என்றார்.